பொட்டு வைத்த சர்வர்

எங்கள் பட்டறையில் மாவரைக்கிற கிரைண்டர் செய்கிறார்கள். கோயமுத்தூர் கணபதி பகுதியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. இப்போது அவரும் என் கணவரும் பார்த்துக்கொள்கிறார்கள். பட்டறையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நான். கடைசியாகச் சொன்னதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தளம் ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. உதிரி பாகம் விற்கிற சின்னக் கடைதான். கோயமுத்தூர் கிரைண்டர் எங்கெங்கோ போய்விடுகிறது. மகளுக்குச் சீராக மஸ்கட்டுக்குப் போகிறது, பெட்டியில் ஏறி அமெரிக்காவுக்குப் போகிறது. போன இடத்தில் ஒருநாள் பெல்ட் அறுந்தால் அங்கே யாரிடம் கேட்பது? முன்பெல்லாம் அவர்கள் மாமாவுக்குப் போன் செய்வார்கள். மாமா சாப்பிட்ட கையோடு மாடல் விசாரிப்பார். போன் செய்த அம்மா அங்கே கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு நம்பர் தேடுவார். இத்தனை பாடுபட்ட பிறகும் கடைசியில் வேறு ஏதோ பெல்ட்தான் போய்ச் சேரும். நான் ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு வீட்டில் இருந்த சமயம் அது. ஊரார் தளங்களையெல்லாம் பராமரித்தவள் நம் வீட்டுக்கு ஒன்று செய்யக் கூடாதா என்று தோன்றியது. படம் எடுத்து, மாடல் வாரியாகப் பிரித்து, பெல்ட், உருளைக்கல், டிரம், வாஷர் என்று எல்லாவற்றையும் ஏற்றினேன்.

மாமா மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் முகத்துக்கு நேராக மறுக்க மாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள். அந்தப் "பாக்கலாமுங்க"வில் எது சம்மதம், எது முடியாது என்று பிரித்துப் பார்க்க, மருமகளாக வந்து சில வருஷம் பழக வேண்டும். மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தளம் ஓடுகிற கம்ப்யூட்டர் பட்டறைக்குள்தான் இருக்க வேண்டும். வெளியே ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் மாத வாடகைக்கு இடம் பிடிப்பதுதான் வழக்கம், கரண்ட் போனாலும் கவலையில்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"நம்ம கடையை எதுக்குங்க அம்மணி அடுத்தவங்க ஊட்டுல கொண்டு போயி வெக்கோணும்?" என்றார்.

அதற்கு மேல் பேச்சில்லை. கணவரின் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தது. அதைத் துடைத்து, நினைவகம் கூட்டி, ஒரு யு.பி.எஸ். வாங்கிச் சேர்த்து, பட்டறையில் கல் அடுக்கி வைத்திருந்த சிறிய அறையை ஒழித்து, அதில் வைத்தேன். உலகத்தில் யார் எங்கள் தளத்தைத் திறந்தாலும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற சர்வர் அந்தப் பெட்டிதான். அது நின்றால் கடையும் மூடிவிடும். பழைய கம்பெனித் தோழிகளிடம் சொன்னபோது, இந்தக் காலத்தில் பட்டறைக்குள் சர்வரா என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. ஆரம்பத்தில் சர்வர் தினமும் மதியத்துக்கு மேல் தானாக அணைந்து தானாக எழுந்தது. நான் பதிவுகளையெல்லாம் வரி வரியாகப் படித்தேன். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று சர்வர் தன்பாட்டுக்கு எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். அதில் ஒரு பிழையும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று நின்றுவிடும். நிரலை மாற்றினேன், நினைவகத்தைக் கழற்றி மாட்டினேன், புதுசாக எல்லாவற்றையும் ஏற்றினேன், கணவர் மேல் எரிந்து விழுந்தேன். கடைசியில் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே விசிறியே தெரியவில்லை. கல் தேய்க்கிற தூசி மெத்தை போலப் படிந்து, காற்றுப் போக வழியில்லாமல், சூடேறி அணைந்திருக்கிறது. கணவர் கம்ப்ரஸர் குழாயை இழுத்து வந்து ஊதினார். எங்கள் இரண்டு பேர் தலையும் வெள்ளையாகிவிட்டது. அன்றிலிருந்து வாரா வாரம் சர்வருக்குக் காற்றடிப்பதும் என் பராமரிப்பு வேலையில் ஒன்று. எந்தப் பாடப் புத்தகத்திலும் இது கிடையாது.

பாதுகாப்பு விஷயம் அதைவிட வேடிக்கை. இருப்பு எவ்வளவு என்று தளத்தில் பதிவு செய்வது எங்கள் மேஸ்திரியின் வேலை. அவருக்காக எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து, யாராலும் ஊகிக்க முடியாத ஒரு கடவுச்சொல்லைத் தயாரித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் பட்டறைக்குள் நுழைகிறேன், லேத்துக்கு மேலே சுவரில், உருளைக்கல் அளவுகளுக்குக் கீழே, அது சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. கல் இறக்க வந்தவர், டீ கொண்டுவந்தவர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் எல்லாரும் பார்த்திருப்பார்கள். நான் தலையில் கை வைத்தேன். மேஸ்திரிக்கு நான் கோபப்பட்டதுதான் புரியவில்லை. நம் பட்டறையில் அளவெல்லாம் சுவரில்தானே எழுதுவோம், அழியாமல் இருக்கட்டுமே என்றுதான் பெரிதாக எழுதினேன் என்றார். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? கடவுச்சொல்லை மாற்றி, கூடவே அவர் போனுக்கு ஒரு எண் வந்தால்தான் உள்ளே விடும்படி செய்தேன். அந்த எண் ஒவ்வொரு தடவையும் மாறும் என்பதால் அதைச் சுவரில் எழுதிப் பிரயோசனமில்லை என்று அவரே கண்டுபிடித்து, கொஞ்சம் வருத்தத்தோடு விட்டுவிட்டார்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் வேறு ரகம். முகம் தெரியாத எங்கோ ஒரு கம்ப்யூட்டர் நாள் முழுக்க எங்கள் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பெயரா, அந்தப் பெயரா என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கும். கிரைண்டர் பெல்ட்டைத் திருடி இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று முதலில் சிரிப்பாக இருந்தது. அவர்களுக்கு வேண்டியது பெல்ட் இல்லை, எங்கள் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் குப்பை அனுப்புவது என்று தெரியும் என்பதால் சும்மா இருக்கவும் முடியாது. மூன்று தடவை தப்பாகத் தட்டினால் அந்த முகவரியையே வெளியே நிறுத்திவிடும்படி வைத்தேன். தேவையில்லாத கதவையெல்லாம் சாத்தினேன். காலையில் குழந்தையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு, பட்டறை அறையில் டீயோடு உட்கார்ந்து, நேற்று யார் யார் தட்டிப் பார்த்தார்கள் என்று படிப்பது எனக்குப் பேப்பர் படிப்பது மாதிரி ஆகிவிட்டது.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

தீபாவளிக்கு முன்னால் எங்களுக்கு வேலை அதிகம். தாராபுரம், ஈரோடு கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்பார்கள். கல் அடுக்க இடம் போதாது. என் அறையை ஒழித்த நாளிலிருந்தே கல் வெளியே ஷெட்டில் கிடக்கிறது, ஷெட்டில் கிடந்தால் நடக்க வழியில்லை என்று மாமாவுக்குக் குறை. ஒருநாள் சாப்பிடும்போது, ஆயுத பூஜை முடிந்ததும் பெரிய லோடு வருகிறது, அப்போது அந்த ரூமைப் பற்றிப் பாக்கலாமுங்க என்றார். அது எந்தப் "பாக்கலாமுங்க" என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அந்த நாலு சுவர் பெரிதில்லை. பெட்டியை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து சமையலறை மேடைக்கு அடியில் வைத்துக்கூட எப்படியாவது ஓட்டிவிடுவேன். ஆனால் காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போது "வேலைக்குப் போறேனுங்க அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறேனே, அது போய்விடும். விசேஷத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள், ஊட்டுல சும்மாதானே இருக்கறீங்க என்று கேட்கும்போது மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அறை இருக்கிறவரை என் வேலை பட்டறை வேலை. அறை போனால் அது பொழுதுபோக்கு.

அதற்கு முந்தைய வருஷ ஆயுத பூஜை வேறு மனதில் முள்ளாக இருந்தது. லேத்துக்குப் பொட்டு, கம்ப்ரஸருக்குப் பொட்டு, வேனுக்கு மாலை, ஸ்பேனருக்கும் வெர்னியருக்கும்கூடச் சந்தனம். நான் குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் அறைப் பக்கம் போனேன். அது எதுக்குங்க அம்மணி, அது டிவி மாதிரிதானுங்களே என்று மாமா மிருதுவாகச் சொல்லிவிட்டார். கிண்ணத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். அன்று சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பூஜைப் பொரியைத் தின்றுகொண்டே வந்த ஆர்டர்களைக் கவனித்தேன்.

இந்த வருஷம் நான் கிண்ணத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பூஜை நாளன்று காலையில் பட்டறைப் பக்கமே போகாமல் வீட்டில் அத்தையோடு சுண்டல் வேலையில் இருந்தேன். ஆண்கள் அங்கே மிஷின்களைக் கழுவித் துடைப்பார்கள், சாயங்காலம் பொழுதோடு பூஜைக்கு நாங்கள் போவோம். அப்படித்தான் வழக்கம். தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது என் போன் ஒலித்தது. தளம் நின்றுவிட்டால் எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தால் தளம் இல்லை.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். சர்வர் பதிலே சொல்லவில்லை. அந்த வாரம் கதவைத் தட்டுகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தார்கள். ஊரே பண்டிகை கொண்டாடுகிற நோம்பி நாளாகப் பார்த்து உள்ளே புகுந்துவிட்டார்களா? தீபாவளித் தள்ளுபடி வேறு போட்டிருந்தேன். இன்று பார்த்துத் தளம் படுத்தால், நாளைக்கு அறையைப் பற்றி நான் எந்த வாயோடு பேசுவது? கணவருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அவர் பூ மார்க்கெட்டில் இருந்தார், அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மாமாவுக்குப் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மேஸ்திரி போனும் அப்படியே. ஒரே நேரத்தில் இரண்டு பேர் போனும் அணைந்திருப்பது எனக்கு இன்னும் பீதியைக் கிளப்பியது. நெட் கம்பெனிக்குப் போட்டேன். அங்கிருந்த பையன் லைன் நன்றாக இருக்கிறது, நோம்பி வாழ்த்துகள் மேடம் என்றான். பட்டறைக்கு எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அங்கே கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். கரண்ட் இருக்கிறது, உங்கள் பட்டறையில் பாட்டு ஓடுகிறது என்றார்.

பாட்டு ஓடுகிறது, சர்வர் ஓடவில்லை. இதற்கிடையில் மஸ்கட்டிலிருந்து ஒரு அம்மாவின் செய்தி வந்தது. பெல்ட் அறுந்துவிட்டது, அடுத்த வாரம் வீட்டில் விருந்து, தள்ளுபடி இன்றைக்குத்தானே, உங்கள் தளம் திறக்கவே மாட்டேன் என்கிறதே என்று கேட்டிருந்தார். நான் சுண்டலை அத்தை தலையில் கட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. தரையெல்லாம் கழுவிவிட்டு ஈரம். என் அறைக்கு ஓடினேன். மேஜை மேல் சர்வர் இல்லை. ஒயர்கள் மட்டும் தொங்கின. திருட்டுப் போயிருக்கிறது என்றே முடிவு செய்துவிட்டேன். இத்தனை கதவைச் சாத்தி வைத்தேனே, நிஜக் கதவை விட்டுவிட்டேனே என்று கத்தப் போன சமயத்தில்தான் சாமி படங்களுக்கு முன்னால் பார்வை போனது.

தரையில் வாழையிலை விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஸ்பேனர் செட், வெர்னியர், ட்ரில் பிட்டுகள், தராசு. அடுத்து மாமாவின் போன், மேஸ்திரியின் போன், இரண்டும் அணைத்து, பொட்டு வைத்து. அதற்கு அடுத்து, செண்டுமல்லி மாலையோடு, நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக, என் சர்வர்.

மேஸ்திரி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தார்.

"ஏனுங்கக்கா, நல்லா இருக்குதுங்களா? நீங்க அமுக்கற மாதிரியே பட்டனை அமுக்கி, அதுவா அணைஞ்சப்புறந்தான் தூக்கினேனுங்க. காத்துப் போற ஓட்டையில சந்தனம் படாம வெச்சுப்போட்டேன்."

கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு ஓட்டையில்கூடப் படவில்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்குப் போக மற்ற மிஷினைத் துடைப்பது போலவே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்திருக்கிறார். ரேஷன் கடை வாசனை அடித்தது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டில் ஆத்திரம்தான் எனக்கு எப்போதும் முந்திக்கொள்ளும். மாமாவைத் தேடிப் போனேன்.

அவர் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பெல்ட் பாய். எங்களுக்கு பெல்ட் கொடுக்கிற, பழைய கோயமுத்தூர்க்காரர். மாமாவுக்கு வெகுநாள் சிநேகிதர். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வந்து ஒரு டம்ளர் டீயும் ஒரு பொட்டலம் பொரியும் வாங்கிக்கொண்டுதான் போவார். பாய் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் ஆரம்பித்துவிட்டேன். அதை நிறுத்தினால் கடையை இழுத்து மூடியதாக அர்த்தம், தீபாவளி ஆர்டர் எல்லாம் போய்விடும், மஸ்கட்டில் ஒரு அம்மா பெல்ட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மூச்சுவிடாமல் பேசினேன். மாமா முழுக்கக் கேட்டார். பூஜைக்கு மிஷினை நிறுத்துவதை யாராவது யாரிடமாவது கேட்டுக்கொண்டு செய்வார்களா என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"இன்னைக்குக் கடை மூடித்தானுங்க அம்மணி இருக்குது. பூஜையில வெச்ச மிஷினை நாளைக்குத்தான் தொடோணும்."

"போன வருஷம் ஓடுச்சுங்களே மாமா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாய் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம் அது நம்ம ஆயுதம்னு எனக்குத் தெரியலீங்க பாய். டிவின்னு நெனச்சுப்போட்டேன்."

பாய் டீயை ஊதிக்கொண்டே, அம்மணியின் கடை வந்த பிறகு நீங்கள் என்னிடம் வாங்குகிற பெல்ட் எவ்வளவு கூடியிருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும் என்றார். மாமா பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு வருஷமாக எதற்காக உள்ளுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேனோ, அதை அவர் கொடுத்துவிட்டார். அதற்காக என் கடையை மூடியும்விட்டார். நான் சந்தோஷமாக இருந்தேன். கொஞ்சம் கோபமும் மிச்சம் இருந்தது.

அறைக்குப் போய், மஸ்கட் அம்மாவுக்குப் பதில் எழுதினேன். இன்று எங்களுக்கு ஆயுத பூஜை, எங்கள் மிஷினுக்கும் லீவு, தள்ளுபடி நாளைக்கும் உண்டு, மன்னிக்கணும் என்று. கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. அவர்கள் வீட்டுக் கிரைண்டர், அறுந்த பெல்ட்டோடு, பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. நாங்களும் வைத்தாச்சு, பெல்ட் வரும்வரை மாவைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்.

பொழுதோடு பூஜை நடந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். போனுக்கு ஓய்வு கொடுத்து, எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினோம். அறையைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆயுதம் என்று ஒப்புக்கொள்வது வேறு, கல் அடுக்க இடம் வேண்டும் என்பது வேறு. அந்தக் கவலை அப்படியேதான் இருந்தது.

விஜயதசமி காலையில் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மிஷினில் யார் வேலை செய்கிறாரோ அவர்தான் அதை ஓட்டித் தொடங்க வேண்டும், மாமா கற்பூரம் காட்டுவார். மேஸ்திரி லேத்தை ஓட்டினார். அது உறுமியது. கணவர் கம்ப்ரஸரைப் போட்டார். அது அதிர்ந்தது. நான் வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கல் லாரி வந்து ரிவர்ஸ் எடுத்தது. அந்த ரிவர்ஸ் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது.

"அம்மணி, உங்க மிஷினைப் போடுங்க" என்றார் மாமா.

எல்லாரும் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். சர்வரை மாலையோடு மேஜையில் வைத்திருந்தார்கள். ஒயர்களை மாட்டி பட்டனை அமுக்கினேன். ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். உறுமலும் இல்லை, அதிர்வும் இல்லை. மாமா கற்பூரத்தை ஏந்திக்கொண்டு காத்திருந்தார். மேஸ்திரி எட்டிப் பார்த்தார். ஓடுதுங்களா என்று யாரோ கேட்டார்கள், கொஞ்சம் பொறுங்க என்றேன். கற்பூரம் அணைந்துவிடும் போலிருந்தது. அப்புறம் என் போன் ஒலித்தது. தளம் வந்துவிட்டது என்று செய்தி.

"ஓடுதுங்க மாமா" என்றேன்.

மாமா சர்வருக்கு மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார். தட்டை என்னிடம் நீட்டினார், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வெளியே லாரிக்காரர் இறங்கி வந்து, கல்லை எங்கே இறக்குவது, பழையபடி அந்த ரூமிலேயே இறக்கிவிடட்டுமா என்று கேட்டார்.

மாமா தட்டைக் கீழே வைக்காமலே திரும்பிச் சொன்னார்.

"ஷெட்டுல எறக்குங்க. இங்க வேலை நடக்குதுங்க."